லாவா ஓட்டங்களின் காலக்கணிப்பு: ஹவாய்

எழுத்துப் பதிவுகளுக்கு முற்பட்ட எரிமலை வெடிப்புகளின் காலத்தை, உறைந்த லாவாவைக் கொண்டு அறியும் முறைகள். ஹவாயின் கிலாவேயா, மௌனா லோவா எரிமலைகளில் இவை விரிவாகப் பயன்பட்டுள்ளன. கிலாவேயாவின் மேற்பரப்பில் சுமார் 90 விழுக்காடு, 1,100 ஆண்டுகளுக்கும் குறைந்த வயதுடைய லாவாவால் ஆனது.

கதிரியக்கக் கார்பன் முறை: இளம் லாவாக்களுக்கு இதுவே முதன்மையானது. கணிக்கப்படுவது பாறையன்று, அதன் அடியில் புதைந்த கரி. லாவா மூடும்போது காற்றுப் புகாததால் செடிகளின் வேர்கள் சாம்பலாகாமல் கரியாகின்றன. லாவா மெலிந்திருக்கும் ஓரங்களில் தோண்டிக் கரியை எடுப்பர். முதிர்ந்த மரத்தின் நடுத்தண்டு வெடிப்புக்கு முந்தைய காலத்தைக் காட்டக்கூடும் என்பதால் சிறு வேர்களும் சுள்ளிகளுமே விரும்பப்படுகின்றன. கார்பன்-14இன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இம்முறை பயன்படாது.

பொட்டாசியம்-ஆர்கான் முறை: பழைய பாறைகளுக்கு உரியது. பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கானாக மாறுகிறது; அதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். உறையும்போதே பாறையில் ஆர்கான் தங்கியிருந்தால் வயது மிகையாகும். ஹுவாலலாய் எரிமலையின் 1800-1801 லாவாவிலிருந்த அயற்பாறைத் துண்டுகள் பல கோடி ஆண்டு வயதைக் காட்டின. ஆர்கான்-ஆர்கான் முறையில் பாறையைப் படிப்படியாகச் சூடாக்கி இத்தகைய பிழையைக் கண்டறிய முடியும்.

தொல்காந்த முறை: குளிரும் லாவாவில் உள்ள இரும்புக் கனிமங்கள் அக்காலப் புவிக்காந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. காலம் தெரிந்த லாவாக்களின் திசைகளோடு ஒப்பிட்டு வயது மதிப்பிடப்படுகிறது.