லைட்ஸ்டெப்

லைட்ஸ்டெப் என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தின் வழமையான பணித்திரை இடைமுகத்துக்கு மாற்றாகப் பயன்படும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். விண்டோசுடன் வரும் தொடக்கப் பட்டி, பணிப்பட்டை, படவுருக்கள் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பயனர் தாமே வடிவமைத்த திரையை அமைத்துக்கொள்ள இது வழிசெய்கிறது. இது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. இதனை நிறுவுவதால் விண்டோசின் கருவகமோ அதில் இயங்கும் செயலிகளோ மாறுவதில்லை. பயனரின் கண்ணுக்குத் தெரியும் முகம் மட்டுமே மாறுகிறது.

ஷெல் என்பது யாது?

கணினியின் கருவகத்துக்கும் பயனருக்கும் இடையே நின்று, செயலிகளைத் தொடங்கவும் திறந்துள்ள சாளரங்களுக்கிடையே மாறவும் உதவும் நிரல் ஷெல் எனப்படும். விண்டோஸ் 3.1 பதிப்பில் புரோகிராம் மேனேஜர் என்ற நிரல் இப்பணியைச் செய்தது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் எக்ஸ்புளோரர் என்னும் நிரல் இப்பணியைச் செய்து வருகிறது. பலரும் எக்ஸ்புளோரரைக் கோப்புகளைப் பார்க்கும் கருவியாக மட்டுமே அறிவர். உண்மையில் பணிப்பட்டையையும் தொடக்கப் பட்டியையும் திரையில் வரைவதும் அதே நிரல்தான்.

பயனர் புகுபதிகை செய்தவுடன் எந்த நிரலை ஷெல்லாக இயக்க வேண்டும் என்பது விண்டோசின் உள்ளே நிலையாக எழுதப்பட்ட ஒன்றன்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற கோப்பின் ஒரு வரியிலும், விண்டோஸ் என்டி வழிவந்த பதிப்புகளில் பதிவகத்தின் வின்லாகன் பகுதியிலும் அந்நிரலின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். அப்பெயரை மாற்றினால் ஷெல்லும் மாறிவிடும். லைட்ஸ்டெப் போன்ற மாற்று ஷெல்கள் அனைத்தும் இந்த ஒரு வரியை நம்பியே உருவானவை.

வரலாறு

லைட்ஸ்டெப்பின் தோற்றத்துக்கு மூலம் விண்டோஸ் அன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-இல் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், 1989-இல் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தின் முதற்பதிப்பை வெளியிட்டது. திரையின் வலப்புற ஓரத்தில் சதுரப் படவுருக்கள் வரிசையாக நிற்கும் அதன் தோற்றம் பலரைக் கவர்ந்தது. அத்தோற்றத்தை யுனிக்சு, லினக்சுக் கணினிகளின் எக்ஸ் சாளர முறைமைக்குக் கொண்டுவந்த மென்பொருள் ஆஃப்டர்ஸ்டெப் ஆகும். 1990களின் பிற்பகுதியில் பிரான்சிஸ் கஸ்டெல்லு என்ற நிரலாளர் அதே முறையை விண்டோசுக்குக் கொண்டுவர லைட்ஸ்டெப்பை எழுதினார். பின்னர் மூலநிரல் வெளியிடப்பட்டு, தன்னார்வலர்கள் மேம்பாட்டைத் தொடர்ந்தனர். வலப்புறச் சதுரப் பட்டைக்கு ஆஃப்டர்ஸ்டெப் வழங்கிய வார்ஃப் என்ற பெயரையே லைட்ஸ்டெப்பும் ஏற்றுக்கொண்டது.

அமைப்பு

லைட்ஸ்டெப்பின் மைய நிரல் மிகச் சிறியது. அது தனியே இயங்கினால் திரையில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பணிப்பட்டை, கடிகாரம், பட்டி, குறுக்குவழிப் படவுருக்கள் போன்ற ஒவ்வொன்றும் தனித்தனி நிரற்கூறாக எழுதப்பட்டு, டிஎல்எல் கோப்பாக மையத்துடன் இணைக்கப்படுகிறது. வேண்டாத கூறுகளைப் பயனர் ஏற்றாமலே விட்டுவிடலாம்.

எந்தக் கூறுகளை ஏற்ற வேண்டும், அவை திரையில் எங்கே அமைய வேண்டும் என்பவை ஸ்டெப்.ஆர்சி என்னும் எளிய உரைக் கோப்பில் எழுதப்படுகின்றன. நோட்பேட் போன்ற எந்த உரைத் தொகுப்பியிலும் இதனைத் திருத்தலாம். மேலும், ஆச்சரியக்குறியில் தொடங்கும் கட்டளைகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, ரீசைக்கிள் என்ற கட்டளை லைட்ஸ்டெப்பை மட்டும் மீண்டும் தொடங்கி, கோப்பில் செய்த மாற்றங்களை நடைமுறைப்படுத்துகிறது. இதற்காகக் கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

கூறுகளின் அமைப்புகளையும் படங்களையும் ஒருங்கே சேர்த்த தொகுப்பு தீம் எனப்படும். ஒரே கணினி ஒரு தீமில் நெக்ஸ்ட்ஸ்டெப்பைப் போலவும், மற்றொன்றில் வெறும் உரை வரிகள் மட்டும் உள்ள திரையாகவும் தோன்றக்கூடும். ஒரே திரையைப் பல மெய்நிகர் பணித்திரைகளாகப் பிரிக்கும் வசதியையும் கூறுகள் வழங்கின. விண்டோசில் இவ்வசதி பயனர்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான்.

நிறுவுதலும் மீட்டலும்

ஷெல்லை மாற்றுபவர் முதலில் அறிய வேண்டியது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியை ஆகும். ஸ்டெப்.ஆர்சி கோப்பில் ஒரு பிழை நேர்ந்தால், புகுபதிகைக்குப் பின் வெற்றுத் திரை மட்டுமே எஞ்சக்கூடும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்சத் தேவையில்லை. ஷெல் மட்டுமே இயங்கவில்லை. விண்டோஸ் என்டி வழிவந்த பதிப்புகளில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பணி மேலாளர் தோன்றும். அதிலிருந்து பதிவகத் தொகுப்பியை இயக்கி, ஷெல் என்ற மதிப்பில் எக்ஸ்புளோரரின் பெயரை மீண்டும் இட்டு, விடுபதிகை செய்து புகுபதிந்தால் பழைய திரை திரும்பும். விண்டோஸ் 98-இல் கட்டளை வரி நிலையில் கணினியைத் தொடங்கிச் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது.

பலர் பயன்படுத்தும் கணினியாயின், தனிப் பயனர் கணக்கு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அக்கணக்குக்கு மட்டும் ஷெல்லை மாற்றுவது நன்று. பிழை நேர்ந்தாலும் ஏனையோரின் பணி தடைப்படாது.

குறைபாடுகள்

* கூறுகள் மைய நிரலின் செயற்பாட்டுக்குள்ளேயே இயங்குவதால், ஒரு கூறு செயலிழந்தால் ஷெல் முழுவதும் நின்றுவிடலாம். எனினும் திறந்துள்ள மற்றச் செயலிகள் தொடர்ந்து இயங்கும்.
* ஒவ்வொரு கூறும் பயனருக்குரிய முழு அனுமதிகளுடன் இயங்கும் நிரலாகும். எனவே மூலம் அறியப்படாத தீம்களை நிறுவுவது ஆபத்தானது. தீநிரல்களும் பதிவகத்தின் அதே ஷெல் மதிப்பை மாற்றுவதுண்டு.
* அறிவிப்புப் பகுதியில் படவுரு இடும் செயலிகள், குறிப்பிட்ட பெயருடைய ஒரு சாளரத்துக்கே செய்தி அனுப்புகின்றன. மாற்று ஷெல் அதே பெயரில் சாளரம் ஒன்றை உருவாக்காவிடின் அப்படவுருக்கள் தோன்றா.
* அமைப்புகளை உரைக் கோப்பில் எழுதிப் பழகுவதற்குப் புதிய பயனர்களுக்குக் காலம் பிடிக்கும்.

பிற்கால நிலை

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் தொடக்கத் திரை, அங்காடிச் செயலிகள் போன்றவை எக்ஸ்புளோரருடன் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டன. எக்ஸ்புளோரரை ஷெல்லாக இயக்காதபோது இவற்றுட் பல சீராக இயங்குவதில்லை. இதனால் லைட்ஸ்டெப்பின் பயன்பாடு பெரிதும் சுருங்கியது. எனினும் ஷெல்லைத் தேர்ந்தெடுக்கும் பதிவக மதிப்பு நீக்கப்படவில்லை. ஒரே செயலியை மட்டும் காட்ட வேண்டிய பொதுவிடத் தகவல் திரைகளில் அது பயன்படுகிறது. கணினியின் முகம் அதன் கருவகத்திலிருந்து பிரிக்கக்கூடியது என்பதை விண்டோஸ் பயனர்களுக்குச் செயல்முறையில் உணர்த்திய மென்பொருள்களுள் லைட்ஸ்டெப் குறிப்பிடத்தக்கதாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஆஃப்டர்ஸ்டெப்
* நெக்ஸ்ட்ஸ்டெப்
* பிபிலீன்
* கெய்ரோ டெஸ்க்டாப்
* வரைகலைப் பயனர் இடைமுகம்