சாம்பலும் சான்றும்

வரலாறு என்றதும் முடிமன்னரும் போர்க்களங்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும் ஏர் பிடித்தவனுக்கும் வரலாறு உண்டு. ஆலையில் உழைத்து ஓய்ந்தவளுக்கும் வரலாறு உண்டு. அவர்களைப் பாடப் புலவர் இருந்ததில்லை. அவர்கள் பெயரைக் கல்லிற் பொறிக்கப் பணமும் இருந்ததில்லை. அத்தகையோரின் வழித்தோன்றல்கள் தம் குடிவழியைத் தேடப் புகுந்தால் எங்கே செல்வது? இங்கிலாந்து தேசத்தில் இவ்வினாவுக்கு விடை தருவன, இறந்தோரைப் புதைத்தபோதும் எரித்தபோதும் எழுதிவைத்த இடாப்புகளே. அவற்றுட் பல இன்று இணையத்தில் ஏறி, உலகின் எம்மூலையில் இருப்போருக்கும் எட்டும் பொருளாகிவிட்டன. அவை தோன்றிய வரலாற்றையும் அவை நமக்குக் கூறும் பாடத்தையும் இங்கு நோக்குவோம்.

எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தோமஸ் குறொம்வெல் 1538ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வொரு கோவிற்பற்றிலும் நிகழும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். அப்புத்தகம் இரண்டு பூட்டுள்ள பெட்டியில் இருக்கவேண்டும் என்பதே அக்கட்டளை. புதுவரி விதிப்பதற்கான சூழ்ச்சியோ இது என மக்கள் அஞ்சினர். அவர்கள் அஞ்சிய அந்த ஏடே பின்னாளில் அவர்தம் பெயரைக் காத்தது. தொடக்கத்தில் பெயரும் நாளும் மட்டுமே எழுதப்பட்டன. 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. அதில் இறந்தவரின் வசிப்பிடமும் வயதும் சேர்ந்தன. 1837 யூலை முதலாந் திகதி தொடக்கம் பிறப்பு இறப்புப் பதிவை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில் இலண்டன் மாநகர் பெருகிற்று. தேவாலய வளவுகளில் பிரேதங்களுக்கு இடமில்லாது போயிற்று. 1848ஆம், 1849ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி நகரை வாட்டியது. 1852ஆம் ஆண்டின் சட்டம், நகருக்கு வெளியே பொதுச் சேமக்காலைகள் அமைவதற்கு வழிசெய்தது. 1854இல் திறக்கப்பட்ட புறூக்வூட் சேமக்காலைக்குப் பிரேதங்களை ஏற்றிச்செல்லத் தனிப் புகைவண்டியே ஓடியது! அப்புகைவண்டியிலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இருந்தன என்பதை எண்ணும்போது, இறந்த பின்னும் மனிதனை விட்டு நீங்காத ஏற்றத்தாழ்வை என்னென்பது!

செல்வருக்குத் தனிக் குழியும் சலவைக்கல்லும் கிடைத்தன. ஏழைகளோ பொதுக்குழியில், உறவேதும் இல்லாத பலரோடு ஒருவர்மேல் ஒருவராக அடக்கப்பட்டனர். அங்கே கல் இல்லை, பெயரும் இல்லை. ஆயினும் சேமக்காலை இடாப்பில் இருவருக்கும் ஒரே அளவான வரிதான். பெயர், வயது, எங்கிருந்து கொண்டுவரப்பட்டார், எந்தக் குழி என்பனவெல்லாம் அதில் உள. கல் பணத்தைப் பார்த்தது. ஏடு ஆளைப் பார்த்தது.

இதற்குச் சிறந்த சான்று ஒன்று கூறுவோம். ‘புலி’ என்னும் கவிதையால் மாணவர் பலரும் அறிந்த வில்லியம் பிளேக், 1827ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வறியவராய் இறந்தார். இலண்டன் பன்ஹில் சேமக்காலையில், 19 சிலிங் செலவில், பொதுக்குழி ஒன்றில் அடக்கப்பட்டார். 1960களில் அவ்விடத்தின் ஒரு பகுதி புல்வெளியாக்கப்பட்டபோது குழியின் அடையாளமும் மறைந்தது. ஆனால் அடக்கப் புத்தகத்தில், 9 அடி ஆழம், கிழக்கு மேற்காக 77, வடக்கு தெற்காக 32 என்ற குறிப்பு அழியாதிருந்தது. கணவனும் மனைவியுமான ஆர்வலர் இருவர் அவ்வெண்களைக் கொண்டு நிலத்தை அளந்து, குழி இருந்த இடத்தைக் கண்டனர். 2018 ஓகஸ்ட் 12ஆந் திகதி, கவிஞர் இறந்த அதே நாளில், அவ்விடத்தில் புதிய கல் திறந்துவைக்கப்பட்டது. 191 ஆண்டுகளின் பின் ஒரு கவிஞனை மீட்டது ஒரு கணக்கெழுத்தாளனின் இரண்டு எண்களே!

புதைத்தவருக்குக் குழி உண்டு. எரித்தவருக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். விந்தை என்னவெனில், அந்நாட்டில் எரித்தவரைப் பற்றியே ஏடு அதிகம் பேசுகின்றது. 1874இல் சத்திரவைத்தியர் சேர் ஹென்றி தொம்சன் முதலியோர் தகனத்தை ஆதரித்துச் சங்கம் அமைத்தனர். 1884இல், இறந்த தன் மகவை எரிக்க முயன்ற வைத்தியர் வில்லியம் பிறைஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. பிறருக்குத் தொல்லை விளையாதவாறு எரித்தல் குற்றமன்று என நீதிபதி தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு வோக்கிங் தகனசாலையில் எரிக்கப்பட்டோர் மூவரே. 1902இல் தகனச் சட்டம் நிறைவேறியது. எரித்தால் கொலைக்கும் நஞ்சுக்கும் தடயம் இராதே என்று சட்டம் அஞ்சியது. ஆகவே 1903ஆம் ஆண்டின் விதிகள் இரண்டு வைத்தியரின் அத்தாட்சியைக் கேட்டன. இறந்தவரின் தொழில், வயது, மணமானவரா என்பது, விண்ணப்பித்தவரின் பெயர், விலாசம், ஈற்றில் சாம்பல் என்ன செய்யப்பட்டது என்பது வரை எழுதுவித்தன. தீ அழித்ததை அச்சமே எழுதிவைத்தது எனலாம். 1968இல் பிரித்தானியாவில் எரிக்கப்பட்டோர் தொகை புதைக்கப்பட்டோர் தொகையை விஞ்சியது.

இவ்விடாப்புகளைப் பார்க்க முன்னர் ஊர் ஊராகச் சென்று அலுவலகங்களிற் காத்திருக்கவேண்டும். 2008இல் தொடங்கிய ‘டிசீஸ்ட் ஒன்லைன்’ என்னும் தளம், பல நகரசபைகளின் சேமக்காலை, தகனசாலை இடாப்புகளை ஒன்றுசேர்த்தது. பெயரையும் உத்தேச ஆண்டையும் இட்டுத் தேடினால், அதே குழியில் அடங்கிய ஏனையோரின் பெயரும் கிடைத்தல் கூடும். எவரும் சொல்லாத ஒரு சிறு குழந்தையின் பெயர் அங்கே தோன்றுதலும் உண்டு. எனினும் எச்சரிக்கை வேண்டும். பழைய கையெழுத்தைப் படியெடுத்தோர் எழுத்தை மாற்றியிருக்கலாம்; ஒரே பெயரில் பலர் இருந்திருக்கலாம். மூல ஏட்டின் படத்தையும் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறல் தகும்.

இங்கிலாந்தின் மண்ணில் இந்துக்களுக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் பிரான்சிற் காயமுற்ற இந்திய வீரர்கள் பிறைற்றன் நகர வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே இறந்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேர் பச்சம் என்னும் ஊரையடுத்த குன்றில் தம் முறைப்படி எரிக்கப்பட்டனர்; அவர்தம் சாம்பல் கடலிற் கலந்தது. 1921இல் அவ்விடத்தில் வெண்சலவைக்கல்லால் ‘சத்திரி’ எழுந்தது. ஆனால் அதில் அவர்களின் பெயர்கள் இல்லை. 2010ஆம் ஆண்டிலேயே அதன் அருகே 53 பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டன. குழியில்லை, சாம்பலுமில்லை, ஏட்டில் இருந்தமையாலேயே பெயர் கல்லேறியது.

எரிப்பதே வழக்கமாகக் கொண்ட நமக்கு இது பெரும் பாடமன்றோ? காடாற்றியபின் சாம்பலைக் கடலிற் கரைத்துவிடுகின்றோம். ஆனால் நம் முன்னோர் அறிவற்றவரல்லர். அந்தியேட்டியன்று ‘கல்வெட்டு’ அச்சிட்டு, இறந்தவரின் வரலாற்றையும் வம்சத்தையும் பாட்டாகப் பாடி வைத்தனர். கல்லில்லாத குடிக்குக் கடதாசியே கல்லாயிற்று. அக்கடதாசிகளிற் பல, 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வில் விட்டுவந்த வீடுகளோடு போயின; பல இன்னும் பெட்டிகளிற் செல்லரிக்கின்றன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் சேர்த்துவருகின்றது.

திவசத்தன்று குருக்கள் மூன்று தலைமுறையின் பெயர் கேட்கும்போது, அருகிலிருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கும் இளைஞராய் நாம் இருத்தல் அழகன்று. இன்றே நம் வீட்டுப் பெட்டிகளைத் திறப்போம். அப்பு, ஆச்சியரிடம் கேட்டுப் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுவோம். கிடைத்த கல்வெட்டுகளைப் படம்பிடித்து, நிலைக்கும் இடத்தில் ஒப்படைப்போம். தீக்கு உடலைக் கொடுப்பது நம் மரபு. பெயரையும் சேர்த்துக் கொடுக்கும்படி எந்த மரபும் சொல்லவில்லை.