ஜிஹாத்

ஜிஹாத் என்பது இறைவழியில் மேற்கொள்ளும் பெருமுயற்சியைக் குறிக்கும் இஸ்லாமியக் கோட்பாடு. தீய இச்சையை அடக்குதல், நாவாலும் எழுத்தாலும் உண்மையை எடுத்துரைத்தல், பொருளை ஈதல், ஆயுதப் போர் ஆகியன இதில் அடங்கும். குர்ஆனின் 22:39–40 வசனங்கள் அநீதிக்கு ஆளானோர் போரிட அனுமதிக்கின்றன; பள்ளிவாசல்களோடு யூதர், கிறித்தவர் வழிபாட்டிடங்களின் பாதுகாப்பையும் அவை பேசுகின்றன. எதிரி சமாதானத்தை நாடினால் இணங்குமாறு 8:61 பணிக்கிறது. கி.பி. 628இல் நபிகள் நாயகம் மக்காவின் குறைஷிக் குலத்தாரோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கை இவ்வகையில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. போரில் பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதை நபிமொழி விலக்கியது.

முஸ்லிம் ஆட்சியாளர் நடத்திய போர்களெல்லாம் ஜிஹாத் ஆகா. 1714ஆம் ஆண்டுச் செஞ்சிப் போர் இதற்குத் தெளிவான சான்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான், செஞ்சியை ஆண்ட, தேசிங்கு எனப்படும் தேஜ் சிங் மீது படையெடுத்தது திறை பாக்கிக்காக. தேசிங்கின் நண்பர் மகபத் கான் முஸ்லிம்; ஆயினும் நவாபின் படையை எதிர்த்தே மடிந்தார். தேசிங்கைப் பற்றிய கதைப்பாடல் மகபத் கானை மணப்பந்தலிலிருந்து நேரே களத்துக்குக் கொண்டுவருகிறது. அதை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை.