மணவினை நடத்துவோர்: கரணமும் கரியும்

திருமணம் ஒன்றை நடத்தக் கருதும் குடும்பத்தார், நாளும் இடமும் குறித்தபின் வினவுவது, 'மணத்தை நடத்தி வைப்பவர் யார்?' என்பதாகும். புரோகிதரோ, ஊர்ப் பெரியவரோ, சபைக் குருவோ, தமிழறிஞரோ ஒருவர் முன்னிற்க மணம் நிகழ்தல் பெரும்பான்மை வழக்கு. அங்ஙனம் முன்னிற்பவர்க்கு உரிய அதிகாரம் யாது? அவர் மணத்தை ஆக்குபவரா? அன்றி, இருவர் தம்முள் ஆக்கிக்கொண்ட மணத்திற்குச் சான்றாக நிற்பவரா? இவ்வினா வெறும் சடங்காராய்ச்சி அன்று. இதற்கு ஒருவகை விடை கூறப்பட்ட காலத்து, மனைவியாய் வாழ்ந்த பெண்டிர் சட்டத்தின் முன் மனைவியர் அல்லராயினர். அவர்தம் மக்கள் உரிமை இழந்தனர். ஆதலின் இலக்கியச் சான்றுகளையும் அண்மைக் கால வரலாற்றையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

1. வள்ளியூரும் வள்ளி மணமும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வள்ளியூரும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். அங்குச் சில கல் தொலைவிற்குள் பலவகை மணமுறைகளைக் காணலாம். புரோகிதர் அழலோம்பி நடத்தும் மணம் ஒன்று. பார்ப்பனப் புரோகிதரை அழையாது தம்முள் மூத்தார் ஒருவரைக் கொண்டு அய்யாவழியினர் நடத்தும் மணம் மற்றொன்று. கிறித்தவரிடையே மூன்று ஞாயிறுகளில் 'ஓலை வாசித்து', தடை அறிந்தோர் உரைக்க இடந்தந்த பின்னரே மணம் நிகழ்கின்றது. அதனை நடத்துதற்கு உரியார் இன்னார் என 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் வரையறுத்துள்ளது. இசுலாமியர் நிக்காஹில் இருவர் ஒப்புதலும் சாட்சிகளும் முதன்மை பெறுகின்றன. முறைகள் வேறுபடினும், 'பலர் அறிய' என்னும் கூறு இவை அனைத்திற்கும் பொது.

அவ்வூரில் முருகன் வள்ளி தெய்வயானையரோடு குடைவரைக் கோயிலில் எழுந்தருளியுள்ளான். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் நினைவிற்கு வருவது வள்ளி திருமணம். கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தின் இறுதியில் அதனை விரித்துரைக்கின்றார். தினைப்புனத்தில் தொடங்கிய களவு உடன்போக்காய் வளர்கின்றது. தொடர்ந்து வந்த வேடர் வீழ்ந்து, பின் உயிர்பெற்று எழுகின்றனர். அதன்பின் இருவரும் சிற்றூர்க்கு மீள, நம்பிராசன் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க, நாரதர் அழலமைத்துச் சடங்கு செய்கின்றார். நாரதர் வருவதற்கு முன்னரே அவ்விருவர் உள்ளமும் ஒன்றுபட்டிருந்தது. அவர் செய்த சடங்கு அவ்வொருமையைக் குறவர் குடி அறிய நாட்டியது எனக் கொள்ளலே பொருந்தும்.

2. கரணம் தோன்றிய காரணம்

தொல்காப்பியர் கற்பினைக் கரணத்தொடு கூடியதாகவும், கொடுத்தற்குரியார் கொடுப்பக் கொள்வதாகவும் இலக்கணம் வகுத்தார். அவரே, உடன்போக்கில் கொடுப்போர் இல்லாவிடத்தும் கரணம் உண்டு என்றார். பெற்றோர் இசைவு இன்றியும் முறையான மணம் அமையும் என்பது இதனாற் பெறப்படும். பின்னர், பொய்யும் ஒழுக்கக்கேடும் தோன்றியபின் 'ஐயர்' கரணத்தை அமைத்தனர் என்று காரணமும் காட்டினார். 'ஐயர்' என்பது தலைவர், பெரியோர் எனப் பொதுப்பொருள் தரும் சொல். பிற்கால வழக்குக் கொண்டு ஒரு குலத்தார்க்கே உரியதாக்குதல் பொருந்தாது. மேலோர் கரணம் கீழோர்க்கும் ஆயிற்று என்னும் நூற்பாவைக் காட்டி வடவர் சடங்கின் செல்வாக்கை வலியுறுத்துவாரும் உளர். அஃது எவ்வாறாயினும், கரணத்திற்கு ஆசிரியர் கூறிய காரணம் வேள்வியின் தூய்மை அன்று. பொய்யினின்றும் காத்தலே என்பது தேற்றம்.

அப்பொய் யாது என்பதைச் சங்கப் பாடல்களே விளக்குகின்றன. குறுந்தொகையின் 25-ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, தன்னை மணந்த நாளில் உடனிருந்தது நீரோரம் மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே என அஞ்சுகின்றாள். தலைவன் மறுப்பின் அவளுக்காகச் சொல்லெடுக்க ஒருவரும் இலர். அகநானூற்றின் 256-ஆம் பாடலோ அவ்வச்சம் மெய்யானதைக் கூறுகின்றது. கள்ளூரில் ஒருத்தியின் நலனுண்ட ஒருவன், அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அறிந்த சான்றினரை வினவி உண்மை தெளிந்து, அவனை மரத்தில் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். சான்று என்னும் பொருளில் அப்பாடல் ஆளும் சொல் 'கரி' என்பது. கரி இல்லாத குறையை நிறைத்தற்கு எழுந்ததே கரணம் என யாம் கருதுகின்றோம்.

3. முன்னின்றோர் யார்?

அகநானூற்றின் 86, 136-ஆம் பாடல்கள் மணநிகழ்ச்சியை விரித்துரைப்பன. புதுமணல் பரப்பிய பந்தர், விளக்கு, உழுந்துக் களி, திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாள் ஆகியவற்றை முதற்பாடல் கூறுகின்றது. அங்கு மணமகளை நீராட்டி வாழ்த்துவோர் மக்களைப் பெற்ற மகளிர் நால்வர். இரண்டாம் பாடலில் விருந்தும் புள் நிமித்தமும் வெண்ணூலும் உள. இருபாடல்களிலும் எரியோம்பலும் இல்லை, புரோகிதரும் இலர். சிலப்பதிகாரத்திலோ முதுபார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். எனவே, முன்னிற்போர் காலந்தோறும் மாறினர் என்பது தெளிவு. கொங்கு நாட்டு வேளாளரிடையே புரோகிதர்க்கு ஈடாக 'அருமைக்காரர்' என்னும் இல்லறத்தார் சீர்களைச் செய்தலும், குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடுதலும் இப்பழமரபின் எச்சம் போலும்.

4. சட்டத்தின் முன் சுயமரியாதைத் திருமணம்

1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் புரோகிதர் இன்றி மணம் ஒன்று நிகழ்ந்தது. சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாக அது போற்றப்படுகின்றது. பின்னர் இம்முறை தமிழகமெங்கும் பரவிற்று. மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர். தலைமை ஏற்றவர் வாழ்த்தி அறிவுரை கூறுவர்.

1934-இல் இம்முறையில் நிகழ்ந்த ஒரு மணம், பின்னர்ச் சொத்துப் பிரிவினை வழக்கில் ஆய்வுக்கு வந்தது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அம்மணம் செல்லாது எனத் தீர்த்தது. சாத்திரச் சடங்குகள் நிகழவில்லை. வழக்கம் எனின் அது தொன்றுதொட்டு இடையறாது வருதல் வேண்டும். இது புதிது என்பன காரணங்கள். அகநானூற்று மணத்திலும் எரி இல்லை என்று காட்டுதல் ஆராய்ச்சிக்குப் பயன்படும். இடையறாமையை வினவும் நீதிமன்றத்திற்கு அது போதாது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கச் சடங்கையே வேண்டியமையின் இடர் நீங்கிற்றிலது. ஊரும் உறவும் கண்ட மணங்கள் கரி உடையனவாயிருந்தும் கரணம் இல்லாதனவாய் ஒதுக்கப்பட்டன. பொய்யினின்று காக்க எழுந்த கரணமே மெய்ம்மணத்தை மறுக்கும் கருவியாயிற்று.

இக்குறையை நீக்கியது அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்துச் சட்டமன்றம் 1967-இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டம். 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகக் கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் போதும் என்றது. முன்னர் நிகழ்ந்த சுயமரியாதை, சீர்திருத்த மணங்களையும் அவை நிகழ்ந்த நாள் முதலே செல்லும் எனக் கொண்டு, சில விலக்குகளையும் வகுத்தது. இப்பிரிவில் 'தலைமை தாங்குபவர்' என ஒருவர் யாண்டும் குறிக்கப்படவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சட்டம் வேண்டுவது மணமக்கள் செயலும் பிறர் முன்னிலையுமே.

இதன் பயன் 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் விளங்கிற்று. மனைவி இருக்க மறுமணம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் சார்பில், ஏழடி வைத்தல் நிகழாமையின் அது மணமே அன்று என வாதிடப்பட்டது. 7-அ பிரிவைக் காட்டி நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கள்ளூர் அவையம் கேட்ட மறுப்புரையின் புதிய வடிவமே இது எனலாம்.

5. மறைவும் சான்றும்

இனி, எதிர்நிலை ஒன்றனையும் நோக்குதல் வேண்டும். கரணத்தின் பயன் பலரறிதல் எனின், வழக்கறிஞர் அறையில் சிலரே அறிய நிகழும் மணம் எத்தகையது? 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணத்தை ஏற்கவில்லை. 2023 ஆகத்து 28-இல் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை விலக்கியது. குடும்ப எதிர்ப்பாலோ உயிரச்சத்தாலோ வெளிப்படையாக மணக்க இயலாதாரை ஊரறிய மணக்குமாறு வற்புறுத்துதல் அவர்க்கு இடர் விளைக்கும் என்றும், வழக்கறிஞர் தம் தொழில்நிலையால் அன்றி நண்பர், உறவினர் என்ற நிலையில் முன்னிற்கலாம் என்றும் கூறியது. உடன்போக்கிற்கும் கரணம் உண்டு என்ற தொல்காப்பிய நெறியொடு இஃது ஒத்துச் செல்கின்றது. ஆயினும் குறுந்தொகைத் தலைவியின் அச்சம் முற்றும் நீங்கிற்றன்று. சான்று சிலராயின் பொய்க்கு இடம் மிகும். அவ்விடத்தில் மணப்பதிவு துணைநிற்கும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

முடிபு

மணவினையில் முன்னிற்போர் மகளிர் நால்வராயினும், முதுபார்ப்பானாயினும், அருமைக்காரராயினும், இயக்கத் தலைவராயினும், அவர் மணத்தை ஆக்குபவர் அல்லர்; கரி ஆவார். தமிழாசிரியர்களை மணத்தலைமைக்கு அழைத்தல் இன்று பெருவழக்கு. அப்பணியை ஏற்போர் நெடும்பொழிவு ஆற்றுதலினும் கரியின் கடமையை முதற்கண் நினைத்தல் தகும். மணமகள் பதினெட்டும் மணமகன் இருபத்தொன்றும் நிரம்பியவரா என்று முன்னரே அறிதல், பெற்றோர் இல்லாத இடத்து மணமகளைத் தனித்து வினவி அவள் ஒப்புதலைத் தெளிதல், உறுதிமொழியை மணமக்கள் தம் வாயால் அவையோர் கேட்கக் கூறச் செய்தல், பதிவு முடியுங்காறும் உடன் நிற்றல் என்பன அக்கடமைகள். பின்னொரு நாள் 'அறியேன்' என்பான் ஒருவன் எழுவானாயின், 'யாம் அறிவேம்' என உரைக்க வல்லாரே மணவினை நடத்துதற்கு உரியர் என்க.