சிற்றுருப் புகையிரதமும் வடபாதையின் வரலாறும்

புகையிரதத்தையும் அதனைச் சூழ்ந்த நிலக்காட்சியையும் சிறு அளவிற் சமைக்கும் கலை மேனாட்டில் விளையாட்டாகவே வளர்ந்தது. 1891ஆம் ஆண்டில் செருமனியின் மார்க்கிளின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில், திட்டமான தண்டவாள அளவுகளையுடைய பொம்மை வண்டித் தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தனர். நம் அயல்நாட்டிலே புனே நகரில் சிற்றுருப் புகையிரதக் காட்சிசாலையொன்று 1998இல் திறக்கப்பட்டது. ஆயின் இக்கலையைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குதல் தகாது. முறையாகப் பயிலின் அது வரலாற்றாராய்ச்சியின் பாற்படும். இதற்கு நம்மூர்ப் பக்கத்துப் பாதையே சான்றாகும்.

மானிப்பாயிற் புகையிரத நிலையம் இல்லை. அண்மையிலுள்ளவை கிழக்கே அமைந்த கொக்குவில், கோண்டாவில் நிலையங்களே. அவற்றிற்கு இடைப்பட்ட பாதையைச் சிற்றுருவாக்க முனைவோன் முதலில் விடைகாண வேண்டிய வினா, எந்த ஆண்டினை அமைப்பது என்பதாம்.

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான ஏறக்குறைய 21 மைற் பாதை 1902 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது. தெற்கேயுள்ள பாதையுடன் அது இணைந்தது 1905இலேயே. எனவே 1903ஆம் ஆண்டைக் காட்டும் அமைப்பிற் கொழும்பிலிருந்து நேரே வரும் வண்டியை ஓட்டுதல் பிழையாகும். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய, அந்நாட்டு மாகாணங்களின் பெயர் தாங்கிய டீசல் இயந்திரங்கள் 1954இல் வந்தன. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்பிரலில். அதற்கு முந்திய காட்சியில் யாழ்தேவிக்கு இடமில்லை.

நிலக்காட்சிக்கும் இவ்விதியே பொருந்தும். வலிகாமத்துச் செம்மண், புகையிலைத் தோட்டம், கிடுகு வேலி, பனங்கூடல் ஆகியவற்றோடு கிணற்றடியில் துலா நிற்கவேண்டும். துலாவுக்குப் பதிலாக நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்தால் அக்காட்சி பிற்காலத்ததாகிவிடும்.

அளவிலும் கவனம் வேண்டும். 87இல் ஒரு பங்கு என்னும் அளவில் 60 அடிப் பனை ஏறக்குறைய 8 அங்குலமாகும். இவ்வளவினதாகக் கடையில் விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. அது 4 அடி 8½ அங்குலப் பாதைக்குரியது. நமது பாதையோ 5 அடி 6 அங்குலம். அதற்கு 19 மில்லிமீற்றருக்குச் சற்று மிகுந்த அகலம் வேண்டும். ஆகவே தண்டவாளத்தையும் பெட்டிகளின் சக்கர அச்சுகளையும் தன் கையாலேயே ஆக்கிக்கொள்ளல் நேரிடும்.

இம்முயற்சியின் தேவை இக்காலத்திற் பெரிதும் மிகுந்துள்ளது. 1990இற் போரினால் வடபாதையிற் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. இந்தியக் கடனுதவியுடன் மீண்டும் அமைக்கப்பட்ட பாதையில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது முறையே. எனினும் புதிய பாதையை அளந்து பழைய பாதையை அறிதல் இயலாது. மேடையின் உயரம், கூரையின் சாய்வு, பெட்டியின் நிறம் ஆகியவை இன்று பழைய புகைப்படங்களிலும் முதியோர் நினைவிலுமே எஞ்சியுள்ளன.

கட்டுரை எழுதுவோன் தான் அறியாததைச் சொல்லாது கடந்து செல்லலாம். சிற்றுருச் சமைப்போனுக்கு அவ்வசதியில்லை. வாயில் எத்திசையில் இருந்ததென அறியாமற் சுவரை எழுப்பவியலாது. ஆதலின் அவன் முதியோரை நாடிக் கேட்டே தீரவேண்டும். மாணாக்கர் அட்டையும் பசையும் எடுக்குமுன் தத்தம் பாட்டனாரிடம் அமர்ந்து கேட்பாராயின், வடபாதையின் வரலாற்றில் ஒரு பகுதியேனும் அழியாது நிற்கும்.