கலத்தைக் கலம் விழுங்கும் செயல்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கைக் கரையில் அமைந்த கித்துல்கல என்னும் ஊர், தன் பெயரிலேயே கித்துல் மரத்தைத் தாங்கி நிற்பது. அம்மரத்தின் பாளையினின்று வடியும் இன்சாறு புளித்துக் கள்ளாகும்பொழுது, அதன் மணத்தை நாடிச் சிற்றீக்கள் வந்து மொய்க்கும். புளித்த பண்டத்தை விரும்பும் இவ்வீயினத்துள் ஒன்றாகிய பழ ஈயே, 1910ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கன் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சியாற் புகழ் பெற்றது. அவ்வீயின் உடலினுள்ளே ஒரு கலம் தன் அண்டைக் கலத்தை விழுங்கி அகற்றுகின்றது. அவ்வாறு விழுங்குதல் கொலையா, அன்றி மாண்டதற்குச் செய்யும் ஈமக்கடனா என்னும் வினாவே இவ்வாராய்ச்சி வரலாற்றின் உயிர்நாடி எனலாம்.

கலம் உண்ணும் என்னும் கருத்தை நிலைநாட்டியவர் இரசியப் பேரரசிற் பிறந்த இலியா மெச்னிக்கோவ் ஆவர். 1882இல், சிசிலித் தீவின் மெசினா நகரில், ஒளிபுகும் உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பியினுள் அவர் உரோசா முள்ளைச் செருகினார். மறுநாட் காலையில், அலைந்து திரியும் கலங்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை உண்டு உடலைக் காப்பன இவை என அவர் துணிந்தார். தின்குழியக் கொள்கை இங்ஙனம் வளர்ந்தது. 1908இல் அவரும் போல் ஏர்லிக்கும் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும், அவர் கண்டவை பகைவரை உண்ணும் காவற் கலங்களே. உடன்பிறந்த கலங்களுக்கிடையே நிகழும் போட்டி நெடுங்காலம் கழிந்தே வெளிப்பட்டது.

1972இல் கெர், வில்லி, கறி என்னும் மூவர், கலம் தன்னைத் தானே ஒழுங்குற மாய்த்துக்கொள்ளும் முறையை விளக்கினர். மூன்றாண்டின் பின், 1975இல், ஸ்பானிய அறிஞராகிய மொராத்தாவும் ரிப்போலும் ‘மினிட்’ எனப்படும் விகாரத்தை ஆராய்ந்தனர். இவ்விகாரத்தையுடைய ஈ மெதுவாக வளரும். எனினும் உயிர் வாழும். ஆனால், சிறகாக வளரும் ஒரே இழையத்தில் விகாரக் கலங்களும் இயல்பான கலங்களும் கலந்திருந்தபோது, விகாரக் கலங்கள் மறைந்தொழிந்தன. தனித்து வாழவல்ல கலம், வலிய கலத்தின் அயலில் வாழமாட்டாதாயிற்று. மச்ச நியாயம் போன்ற இந்நிகழ்ச்சி கலப்போட்டி எனப் பெயர் பெற்றது.

மறைந்த கலம் எங்கே சென்றது? 2007இல் வெய் லீ, நிக்கலஸ் பேக்கர் ஆகிய இருவர், வென்ற கலங்களே தோற்றவற்றை விழுங்குவதாக அறிவித்தனர். விழுங்குதற்கு இன்றியமையாத ‘திரேப்பர்’ முதலிய பரம்பரையலகுகளை வென்ற கலங்களில் செயலிழக்கச் செய்தபோது, மாயவேண்டிய கலங்கள் பிழைத்தன. எனவே, விழுங்குதலும் கொலையிற் பங்குகொள்வதென்பது அவர்தம் முடிபு. 2012இல் மொரேனோ குழுவினர் இதனை மறுத்தனர். தோற்ற கலம் முதலில் மாய்ந்து, இழையத்தினின்று வெளித்தள்ளப்பட்டு, அதன் பின்னரே குருதிக் கலங்களால் உண்ணப்படும் என்பது அவர்தம் கூற்று. 2016இல் பொஸ்ரனிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஈயின் சூலகத்தில் ஒவ்வொரு முட்டையையும் ஊட்டி வளர்க்கும் 15 செவிலிக் கலங்கள், தம் பணி முடிந்தபின், தம்மைச் சூழ்ந்த கலங்களாலேயே கொல்லப்படுகின்றன என்றும், விழுங்குதற்குரிய பரம்பரையலகுகளே அக்கொலைக்கும் வேண்டப்படுகின்றன என்றும் மக்கோல் குழுவினர் காட்டினர். ஆகவே, ஓரிடத்தில் ஈமக்கடனாக நிகழ்வது பிறிதோரிடத்திற் கொலையாகவும் அமையும்.

இவ்வாராய்ச்சி ஈயோடு அமைவதன்று. புற்றாக மாறத் தலைப்படும் கலங்களை அயற்கலங்கள் விழுங்கி ஒழிப்பதை 2011இல் யப்பானிய அறிஞர் இகாக்கி குழுவினர் பழ ஈயிற் கண்டனர். அதே போட்டி மறுதலையாகவும் நிகழும். ‘மிக்’ என்னும் பரம்பரையலகு மிகுந்த கலங்கள் இயல்பான அயற்கலங்களை மாய்த்துத் தாம் பெருகும் என்பதை 2004இல் வெளிவந்த இரு ஆய்வுகள் உணர்த்தியிருந்தன. வெல்லுங் கலம் எப்போதும் நல்ல கலமன்று. உடலைக் காக்கும் வாளே உடலை அழிக்கும் வாளாகவும் மாறுமாதலின், அதனை ஏந்துங் கை எதுவென அறிதல் புற்றுநோயை வெல்ல முயல்வோர்க்கு இன்றியமையாதது. கள்ளின் மணத்தை நாடி வரும் சிற்றீ அவ்வறிவுக்கு வாயிலாயிற்று.