மறைமுகப் புகைத்தலும் வலுப்பயிற்சியும்: யாழ்ப்பாணத் தீவகம்

மறைமுகப் புகைத்தல் என்பது, தான் புகைக்காத ஒருவர் அருகிலிருப்பவரின் சுருட்டு, பீடி, சிகரெட்டு ஆகியவற்றின் புகையைச் சுவாசிப்பது. அப்புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு; ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. புகைக்காதவருக்கு இதனால் இதயநோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 வீதமும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 வீதமும் கூடுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் புகையிலை நெடுங்காலம் பணப்பயிராக இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை போனது. சுருட்டுச் சுற்றுதல் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் புகைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் புகைப்பது இலங்கையில் மிக அரிது. ஆகவே ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ திண்ணையில் எழும் புகையின் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் போய்ச்சேர்கிறது. பனைமட்டையும் பன்னாடையும் எரியும் குசினியில் நிற்கும் பெண்ணுக்கு அடுப்புப் புகையும் சேர்கிறது. அது புகையிலைப் புகை அல்ல. என்றாலும் நுண்துகளும் காபனோரொட்சைட்டும் இரண்டிலும் உண்டு. நுரையீரலுக்கு இரண்டும் சுமையே.

காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. தசைக்குப் போகவேண்டிய ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைகிறது. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டுப் பெண்களைப் புகையோடும் புகையின்றியும் ஓடுபட்டியில் ஓடவிட்டார்கள். புகையைச் சுவாசித்தபோது உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு குறைந்தது. குருதியில் லக்ரிக்கமிலம் கூடியது. அவர்கள் முன்னதாகவே களைத்துப்போனார்கள். 2001இல் யப்பானிய ஆய்வாளர்கள், புகைக்காதவர்களை வெறும் 30 நிமிடம் புகையில் இருத்தியதிலேயே இதயநாடிகளின் தொழிற்பாடு குன்றுவதைக் கண்டார்கள்.

நாட்பட்ட புகை உடலில் அழற்சியைத் தூண்டிவைக்கிறது. அந்த அழற்சி தசைப் புரதத்தின் சிதைவை விரைவாக்கும். வலுப்பயிற்சி, அதாவது பாரம் தூக்குவது, இழுப்பது, தன் எடையையே தாங்கி எழுவது, இந்தப் போக்கை எதிர்க்கிறது: தசை புதிதாய்ப் புரதம் கட்டுகிறது, ஒட்சியேற்றச் சேதத்தைத் தடுக்கும் நொதியங்கள் பெருகுகின்றன, இன்சுலினுக்குத் தசை நன்றாய் இணங்குகிறது. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் விலங்காய்வுகளிலிருந்தும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளரின் புனர்வாழ்வுப் பயிற்சியிலிருந்தும் வந்தவை. அந்நோயாளரின் தொடைத்தசை பயிற்சியால் வலுப்பெற்று, நடையும் மாடியேற்றமும் எளிதாகின்றன. பழுதான நுரையீரல் திரும்ப வளர்வதில்லை. புற்றுநோயூட்டும் பொருட்களையும் எந்தப் பயிற்சியும் கழுவிக் களையாது.

தீவக வாழ்க்கையில் உடல் வலு புதிய விடயமல்ல. வலை இழுப்பது, பனை ஏறுவது, நன்னீர் அரிதான நெடுந்தீவில் குடிதண்ணீர் சுமப்பது எல்லாமே தசையைக் கேட்கும் வேலைகள். இளையோர் பலர் புலம்பெயர்ந்த பிறகு வீட்டில் தங்கிய முதியவர்களிடம்தான் இந்த வலு வேகமாய் வடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோர் வாரத்தில் இரண்டு நாளாவது பெருந்தசைகளுக்கு வலுப்பயிற்சி செய்யவேண்டும். கதிரையில் கைபிடியாமல் இருந்தெழுவதும், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கியிறக்குவதும் போதுமான தொடக்கம். உடற்பயிற்சி நிலையம் தேவையில்லை. இதயநோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

செய்யும் இடம்தான் முக்கியம். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை இழுக்கும் உடல், கடும் உழைப்பில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். புகை நிறைந்த அறையில் பயிற்சி செய்தால் நஞ்சும் அதே அளவில் உள்ளே போகும். காற்றோட்டமான முற்றமோ கடற்கரையோ நல்லது.

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்து, 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும் குற்றமாக்கியது. வீட்டு விறாந்தைக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. அங்கே யன்னலைத் திறந்துவிடுவதாலோ மின்விசிறி போடுவதாலோ புகையின் தீங்கு முழுதாய் நீங்காது என்று அமெரிக்கத் தலைமை வைத்தியர் 2006இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. புகைப்பவர் வெளியே போய்ப் புகைப்பதே, விட்டுவிடுவதற்கு முன்னரான குறைந்தபட்ச வழி.